பிள்ளைகள் முதலில் யாரிடம் சொல்கிறார்கள்? வளரிளம் பருவ நலனும் சக வயதினர் வழிகாட்டலும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய தாயார் எங்கள் மகளிர் நலப் பிரிவுக்கு அழைத்து வந்தார். உண்மையில் அவர்கள் எங்களைத் தேடி வந்தவர்கள் அல்லர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று இதய நோய்ப் பிரிவுக்குச் சென்றிருந்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் எங்களிடம் அனுப்பி வைத்தார். ஹீமோகுளோபின் 5.8 கிராம். அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டும். (நோயாளியின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

"மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் சரியாக வருகிறது, டாக்டர்" என்றார் தாயார். அவர் பொய் சொல்லவில்லை. மாதம் தவறாமல்தான் வந்துகொண்டிருந்தது. தாயாரைச் சற்று நேரம் வெளியே அமரச் சொல்லிவிட்டு, செவிலியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டேன். எத்தனை நாள் நீடிக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்? அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: பத்து நாள், சில மாதங்களில் பன்னிரண்டு நாள். பள்ளிக்குச் செல்லும்போது இரண்டு நாப்கின்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அதற்கு மேல் மடித்த துணியும் வைத்துக்கொள்வாள். இரவில் பழைய சேலைத் துணியை நான்காக மடித்து விரித்துப் படுப்பாள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே, அதாவது ஒன்றரை ஆண்டாக, இப்படித்தான்.

"இதை யாரிடமாவது சொன்னாயா, கண்ணு?"

"வகுப்புத் தோழியிடம் சொன்னேன்."

"அவள் என்ன சொன்னாள்?"

"எனக்கும் அப்படித்தான் என்று சொன்னாள்."

அந்த ஒரு பதிலோடு விஷயம் முடிந்துவிட்டது. தோழிக்கும் அப்படித்தான் என்றால், உலகத்தில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். நான் பதினான்கு ஆண்டுகள் மருத்துவம் படித்தும் பழகியும் கற்ற கேள்விகளைக் கேட்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, அந்த நோயின் முழு விவரமும் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஏழு நாளைக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியம் அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தால், இந்தப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்திருக்காது.

வளரிளம் பருவத்தினருக்கு அவர்கள் வயதினரைக் கொண்டே இனப்பெருக்க நலக் கல்வி அளிக்கும் முறையைப் பற்றி எழுதுமாறு இதழ்க் குழுவினர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தோழிதான். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பதா என்று பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். ஆனால் உங்கள் மகளுக்கோ மகனுக்கோ ஏற்கெனவே அப்படியொரு ஆசிரியர் இருக்கிறார். பள்ளிப் பேருந்தில், டியூஷன் வாசலில், கிரிக்கெட் ஆடும் களத்தில் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஆசிரியருக்குச் சரியான செய்தி தெரியுமா, தெரியாதா என்பதில் மட்டுமே நாம் ஏதாவது செய்ய முடியும்.

ஊரெல்லாம் தெரியும், பெண்ணுக்குத் தெரியாது

நம் ஊர்களில் ஒரு பெண் பூப்பெய்தினால் அச்செய்தி ஊர் முழுவதும் பரவுகிறது. பந்தல் போடுகிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, ஒலிபெருக்கி கட்டுகிறோம், இப்போதெல்லாம் தெருமுனையில் பெண்ணின் படத்தோடு பதாகையும் வைக்கிறோம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம். இவற்றில் பலவும் அன்பினால் செய்யப்படுபவை. நான் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்த மணையில் அமர்ந்திருக்கும் பெண்ணிடம், உன் உடம்பில் நடந்தது இன்னது, அடுத்த மாதம் எத்தனை நாள் இருக்கும், எது இயல்பு, எது இயல்பல்ல என்று எவரும் சொல்வதில்லை. "இனிமேல் ஆண் பிள்ளைகளோடு ஓடி ஆடாதே" என்ற எச்சரிக்கையே பல வீடுகளில் அவள் பெறும் முழுக் கல்வி.

இந்த மௌனம் பூப்போடு முடிவதில்லை. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர் ராணி பங் தம் குழுவினருடன் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து, முடிவுகளை 1989-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர்களுள் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் இதற்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டினரே. ஏனையோர் அந்த உபாதைகளுடனேயே வயலுக்குச் சென்று, பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தி வந்தனர். பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் இருக்கும் என்ற எண்ணம் பதின்மூன்று வயதில் ஒரு முறை வேரூன்றிவிட்டால், ஐம்பது வயதிலும் அது அசைவதில்லை.

முதலில் குறிப்பிட்ட மாணவியின் தாயாரை மீண்டும் உள்ளே அழைத்து, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இரத்தப்போக்கு அதிகமாக இருந்ததுண்டா என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, தமக்கும் அப்படித்தான் என்றார். சிறு வயதில் அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வருமாம். பல் பிடுங்கியபோது இரண்டு நாள் நிற்கவில்லையாம். முதல் பிரசவத்தில் இரத்தம் ஏற்றினார்களாம். "எங்கள் வீட்டுப் பெண்களுக்கே அப்படித்தான், டாக்டர்." தாய், மகள் இருவரையும் பரிசோதித்ததில், இரத்தம் உறைவதற்குத் தேவையான ஒரு புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பது தெரிந்தது. வான் வில்லிபிராண்ட் நோய் என்பது அதன் பெயர். பூப்பெய்திய நாளிலிருந்தே மிகுதியான போக்கு இருக்கும் சிறுமிகளிடம் இத்தகைய உறைதல் குறைபாடு உள்ளதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இந்நோய் உள்ளவர்கள் ஆஸ்பிரின் போன்ற சில வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். பல் எடுப்பதற்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்பு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நாற்பது வயதைத் தொட்ட அந்தத் தாயாருக்குத் தம் நோயின் பெயர் அன்றுதான் தெரிந்தது.

மகளுக்குச் சிகிச்சையாக இரும்புச்சத்தும், போக்கைக் குறைக்கும் மருந்தும், சில மாதங்களுக்கு ஹார்மோன் மாத்திரையும் எழுதினேன். மாத்திரை அட்டையைப் பார்த்த மருந்துக்கடை ஊழியர், இது கருத்தடை மாத்திரை ஆயிற்றே என்று சொல்லிவிட்டார். தாயார் அழுதுகொண்டே திரும்பி வந்தார். இம்மாத்திரை கருத்தடைக்கும் பயன்படும். கருப்பையின் உட்படலத்தை ஒழுங்குபடுத்தி இரத்தப்போக்கைக் குறைக்கவும் பயன்படும். நிறுத்திய பின் பிற்காலத்தில் குழந்தை பெறுவதை அது தடுக்காது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இந்த ஓர் அச்சத்தால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சக வயதினர் வழிகாட்டல் என்பது என்ன?

மத்திய அரசு 2014-ஆம் ஆண்டு ஜனவரியில், 10 முதல் 19 வயது வரை உள்ளோருக்காகத் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. உணவு, இனப்பெருக்க நலம், மனநலம், வன்முறை, போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் என்று ஆறு துறைகளை அது எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் சுமார் ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊருக்கு இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் என நான்கு இளையோரைத் தேர்ந்து பயிற்சி அளிப்பது அத்திட்டத்தின் ஒரு கூறு. வட மாநிலங்களில் இவர்களுக்கு 'சாத்தியா' என்று பெயர். துணைவர், தோழர் என்று பொருள். ஒவ்வொருவரும் தம் வயதினர் பதினைந்து, இருபது பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, வாரந்தோறும் ஓரிரு மணி நேரம் கூடிப் பேச வேண்டும். அவர்களுக்குப் பின்னால் கிராம சுகாதாரச் செவிலியர் போன்ற களப்பணியாளர்களும், அவர்களுக்கும் பின்னால் வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவ ஆலோசனை மையங்களும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் உள்ளது போலவே எல்லா ஊர்களிலும் இது நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்ற பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர்க் கல்லூரிக்குச் சென்றுவிடுவாள். அவள் இடத்துக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஓராண்டு ஆகும். தேர்ந்தெடுக்கும்போதும், நன்றாகப் படிக்கிற, அடக்கமான, ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளையையே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். மற்றப் பிள்ளைகள் மனம் திறப்பது அவளிடம் அன்று. எங்கள் மருத்துவமனையின் சமூக மருத்துவப் பிரிவினர் பயிற்சி அளிக்கச் சென்ற ஒரு கிராமத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் வேலைக்குச் செல்லும் ஒரு பெண்தான் மிகச் சிறந்த வழிகாட்டியாக அமைந்தாள். மாலையில் அவள் தையல் இயந்திரத்தைச் சுற்றி எப்போதும் நான்கு சிறுமிகள் இருப்பார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்களும் அதில் உண்டு.

என் சொந்த அனுபவம் ஒன்றும் இவ்விடத்தில் பொருந்தும். முதுநிலை மாணவியாக இருந்த காலத்தில், ஒரு பள்ளியில் மாதவிலக்கு பற்றிப் பேச என்னை அனுப்பினார்கள். முந்நூறு மாணவிகள், ஒரு ஒலிவாங்கி, ஒரு பெரிய வண்ணப்படம். கருப்பை, சினைப்பை, சினைக்குழாய் என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். அமைதி. ஆசிரியைகள் கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். வெளியே வரும்போது வராந்தாவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: "அதெல்லாம் சரிடி, வெள்ளைப்பட்டால் எலும்பு உருகும் என்று ஆயா சொன்னதே, அதை இவங்க சொல்லவே இல்லையே." அவர்கள் அறிய விரும்பியது அந்த ஒன்றைத்தான். அதை ஒலிவாங்கியில் கேட்க முடியாது. ஒரு வெள்ளை அங்கிக்காரியிடமும் கேட்க முடியாது.

(எலும்பு உருகாது. மாதவிலக்குக்கு முன்னும் கருமுட்டை வெளியாகும் நாள்களிலும் நிறமற்ற, நாற்றமற்ற கசிவு இருப்பது இயல்பு. அரிப்பு, துர்நாற்றம், தயிர் திரிந்தாற்போன்ற தன்மை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி ஆகியவை இருந்தால் மட்டுமே சிகிச்சை தேவை.)

ஆண் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம்

இனப்பெருக்க நலம் என்றாலே பெண்களுக்கானது என்று எண்ணிவிடுகிறோம். அறுவை சிகிச்சைப் பிரிவில் உள்ள என் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் சந்திக்கும் ஒரு துயரத்தைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் விடியற்காலை நான்கு மணிக்கு விதைப்பையில் கடும் வலியோடு விழித்துக்கொண்டான். வாந்தியும் வந்தது. வீட்டில் சொல்லக் கூச்சம். நண்பனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினான். "சூடு பிடித்திருக்கும், வெந்தயம் ஊறவைத்துக் குடி, எண்ணெய் வை" என்று நண்பன் பதில் அனுப்பினான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் வீட்டில் எல்லா வலிக்கும் அதுதான் சொல்வார்கள். மறுநாள் மாலை, வலி தாங்காமல் நடக்க முடியாமல் போன பிறகே தந்தை அழைத்து வந்தார். விதை தன் இரத்தக் குழாயோடு முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் நின்று, கறுத்துப்போயிருந்தது. அதை அகற்ற வேண்டியதாயிற்று.

விதை முறுக்கம் என்னும் இந்நிலையில், வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் கடக்கக் கடக்க வாய்ப்பு குறைகிறது. ஒரு நாள் கடந்தால் அரிது. வளரிளம் பருவத்தில்தான் இது அதிகம் நேர்கிறது. மற்றொரு விதை நலமாக இருப்பதால் அந்தப் பையன் பிற்காலத்தில் தந்தையாவதற்குத் தடையில்லை என்று சொல்லி அனுப்பினோம். திடீரென்று அந்த இடத்தில் கடும் வலி வந்தால் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும் என்பதை உங்கள் வீட்டுப் பையனுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவன் மேசையில் வையுங்கள்.

பையன்களை வாட்டும் மற்றோர் அச்சம், உறக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றியது. ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம், நரம்புத் தளர்ச்சி வரும், திருமண வாழ்வுக்குத் தகுதி போய்விடும் என்றெல்லாம் பேருந்து நிலையச் சுவரொட்டிகள் சொல்கின்றன. விடுதி அறையில் மாதம் ஒரு நாள் முகாமிட்டு லேகியம் விற்பவர்களின் பிழைப்பே இந்த அச்சத்தில்தான் நடக்கிறது. உறக்கத்தில் விந்து வெளியேறுவது பூப்புப் பருவத்தின் இயல்பான நிகழ்வு. அதனால் இரத்தம் குறையாது, எடை குறையாது, நினைவாற்றல் குறையாது. இந்தப் பயத்தால் படிப்பில் பின்தங்கி, இரகசியமாகப் பணம் திரட்டி மருந்து வாங்கி, அதுவும் போதாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்ற பையன்களை மனநலப் பிரிவினர் பார்த்திருக்கிறார்கள். இதை ஓர் ஆண் வழிகாட்டி தன் வயதுக் குழுவில் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் தெளிவுபடுத்திவிடுவான். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்தப் பலன் கிடைக்காது.

எது வரை பயன்படும்?

சக வயதினர் வழிகாட்டலைப் பற்றி மிகையாகவும் பேசக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த வெங்கட்ராமன் சந்திரமௌலியும் அவருடைய சகாக்களும் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாடுகளின் அனுபவங்களை ஆராய்ந்த அக்கட்டுரை, சக வயதினர் கல்வியைத் தனியாக மட்டும் நடத்தினால் அறிவு ஓரளவு கூடுகிறதே தவிர, நடத்தையிலும் உடல்நலத்திலும் பெரிய மாற்றம் வருவதில்லை என்று தெரிவித்தது. மிகுதியான பயனை அடைபவர்கள் பயிற்சி பெற்ற அந்த வழிகாட்டிகளே என்பதும் அதன் முடிவுகளுள் ஒன்று. இளையோரை நல்ல மருத்துவ சேவையோடும் பெரியவர்களோடும் இணைக்கும் பாலமாக அவர்களைப் பயன்படுத்தினால் பலன் உண்டு.

என் அனுபவமும் இதை ஒட்டியே இருக்கிறது. பதினாறு வயதுப் பெண்ணை அரை மருத்துவராக்க முயல்வது தவறு. சில ஊர்களில் பயிற்சி ஏடுகளைப் பார்த்தால், ஹார்மோன்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது வேறு. எது இயல்பு என்பது தெரிய வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பது தெரிய வேண்டும், "வா, நானும் உன்னோடு வருகிறேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும்.

எப்போது வர வேண்டும் என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. பூப்பெய்திய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் சுழற்சி 21 நாள் முதல் 45 நாள் வரை முன்பின்னாக இருக்கலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். போக்கு ஏழு நாளைக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் நனைந்துபோனாலோ, மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தாலோ, வலியால் மாதந்தோறும் பள்ளிக்கு விடுப்பு எடுக்க நேர்ந்தாலோ அழைத்து வாருங்கள். பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணையும், பதின்மூன்று வயதாகியும் மார்பக வளர்ச்சியே தொடங்காத பெண்ணையும் பரிசோதிக்க வேண்டும். இன்னும் வயதுக்கு வராத பெண்ணுக்கு மாதந்தோறும் அதே சமயத்தில் அடிவயிறு வலித்தால், உள்ளே வெளியேறும் பாதை அடைபட்டு இரத்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சிறு அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். குடற்புழு என்றும் வாயு என்றும் மருந்து கொடுத்துக் காலம் கடத்தியவர்கள் உண்டு.

இரத்தசோகை பற்றியும் ஒரு செய்தி. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண் பிள்ளைகளிலும் 31 விழுக்காட்டினருக்கு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். யாரோ ஒரு மாணவிக்கு வெறும் வயிற்றில் சாப்பிட்டு வாந்தி வந்தது என்பதற்காக வகுப்பே அதைச் சாக்கடையில் எறிந்த கதைகள் எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கொள்ள வேண்டும். அதை ஒட்டித் தேநீர் அருந்தக் கூடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்களுக்கு வார மாத்திரை போதாது. மருத்துவர் தரும் தினசரி மாத்திரை வேண்டும்.

பெற்றோரின் இரண்டு கேள்விகள்

"இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே?" என்பது முதல் கேள்வி. யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டு நெறி, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, இத்தகைய கல்வியால் பாலுறவு நடத்தை அதிகரிப்பதில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. பேசாத வீட்டுப் பிள்ளைகளும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியை என்னிடம் நேராகக் கேட்பதில்லை, வழிகாட்டிப் பெண்ணைத் தெருக்குழாயடியில் நிறுத்திக் கேட்கிறார்கள்: "எங்கள் வீட்டுப் பெண் உன்னிடம் என்ன கேட்டாள்?" மேலே சொன்ன தையல்காரப் பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது. அவள் வாய் திறக்கவில்லை. ஆனாலும் கேட்டதைப் பார்த்த இருவர் மற்றவர்களிடம் சொல்ல, அடுத்த வாரம் கூட்டத்துக்கு ஐந்தே பேர் வந்தார்கள். பழையபடி அவர்கள் வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. உங்கள் பிள்ளையின் இரகசியம் அந்தப் பெண்ணிடம் இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும்.

அதே சமயம், காக்கக் கூடாத இரகசியங்களும் உண்டு. பாலியல் வன்முறை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், பதினெட்டு வயதுக்கு முன் நடக்கவிருக்கும் திருமணம் ஆகிய மூன்றையும் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று வழிகாட்டிகளுக்குக் கற்பிக்கிறோம். இதை முதல் கூட்டத்திலேயே குழுவினரிடம் அறிவித்துவிடவும் சொல்கிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் தகவல் தர வேண்டும். மருத்துவர்களாகிய நாங்களும் அப்படியே. வழிகாட்டியே பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், தெரிவிக்கத் தவறியதற்காக அச்சட்டம் அவரைத் தண்டிப்பதில்லை.

பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்றுவிட்டால், காவல் நிலையத்தில் பெயர் பதிவாகிவிடுமே என்று அஞ்சி, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டுவருகிறார்கள். சட்டப்படியான கருக்கலைப்பை நாடும்போது, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அச்சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளது. மறைத்து வைக்காமல், கூடிய விரைவில் வாருங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தாள். ஹீமோகுளோபின் 11.2. இருக்கையில் அமராமல் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையாவது எதிர்பார்க்கிறாயா என்று கேட்டேன். வெளியே ஒரு சிறுமி பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள். "இவள்தான் டாக்டர், அன்றைக்குச் சொன்னேனே, அந்தத் தோழி. இவளுக்கும் ஒன்பது நாள் போகிறது. இவள் அம்மாவிடம் நான்தான் பேசி அழைத்து வந்தேன்."

எனக்கும் அப்படித்தான் என்று அவள் அன்று சொன்னது உண்மையே. அவளுக்கு ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. உறைதல் குறைபாடு எதுவும் இல்லை. அந்த வயதில் கருமுட்டை ஒழுங்காக வெளியாகாததால் ஏற்படும் மிகைப்போக்கு. அவளுடைய தாயார் கூடத்தில் அமர்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லி அனுப்பினேன்.